158 என்று பொறித்த ஜெட்

என் மகள் மரிசெல் என்னை விட்டுப் போனது ஓர் ஊசியால். கார்ப்பரேட்டருக்குள் தொங்குகிற ஊசி அது, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அதன் தலையில் ஐந்து காடிகள் உண்டு. எந்தக் காடியில் கிளிப்பை மாட்டுகிறோமோ, அதற்கேற்ப ஊசி ஏறும் அல்லது இறங்கும். ஏறினால், வளைவு முடிந்து வண்டி வேகமெடுக்கிற இடத்தில் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும்.

மார்ச் மாதப் பந்தயத்தில் மூன்றாவது காடி என்று நான் சொல்லியிருந்தேன். அவள் என்னைக் கேட்காமல் நான்காவதில் மாட்டிவிட்டாள். கார்ட் என்கிற எங்கள் சின்னப் பந்தய வண்டியை ஓட்டிய ஃபப்ரீசியோ எட்டு வண்டி தூரம் முன்னால் வந்து ஜெயித்தான். ஹெல்மெட்டைக் கழற்றியவன் என்னைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிப்பிடித்து, "மரி, மூலை திரும்பினதும் யாரோ பின்னால நின்னு தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு!" என்று கத்தினான்.

பெற்றவன் பூரித்துப் போயிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக இந்த மண் டிராக்குகளில் எல்வியோ புரோண்டினோ என்றால் கார்ப்பரேட்டர், கார்ப்பரேட்டர் என்றால் எல்வியோ புரோண்டினோ. எல்லோர் முன்னாலும் அந்த ஊசியைக் கழற்றி, தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன சேற்றில் வீசினேன். "தேடி எடு. எடுத்துட்டு வந்து, எந்தக் காடின்னு என்கிட்டக் கேளு" என்றேன்.

இருபத்தாறு வயதுப் பெண் மண்டியிட்டு இருபது நிமிஷம் தேடினாள். சோரிசோ தொத்திறைச்சிக் கடையில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பி நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன்? கிடைத்ததும் ஊசியைத் தன் பேண்ட்டில் துடைத்து என் மேஜைமேல் வைத்தாள். எந்தக் காடி என்று கேட்கவில்லை. மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை ரேமோ கஸ்தால்தியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. கஸ்தால்தி என் பரம எதிரி. என்னிடம் இரண்டு வருஷம் ஓட்டிய லவ்தாரோவும் அவள் பின்னாலேயே போய்விட்டான். என் மனைவி எல்சா அதன்பின் எனக்கு மத்தே மூலிகைத் தேநீர் ஊற்றித் தருவதை நிறுத்திவிட்டாள். நானே வெந்நீர் வைத்து, நானே ஊற்றி, நானே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நான் பாதிப் பந்தயங்களில் தோற்க ஆரம்பித்தேன். காரணம் எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் சொல்லவில்லை. என் காது போய்விட்டது. இன்ஜின் உச்சத்தில் கத்துவது கேட்கும், மெதுவாக முனகுவது கேட்கும். இரண்டுக்கும் நடுவில், ஊசி வேலை செய்கிற இடத்தில், எனக்கு ஒன்றுமே விளங்குவதில்லை. நான்கு வருஷமாக அந்த இடத்தை மரிசெல்தான் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மகளும் வேண்டும், மகளின் காதும் வேண்டும். எது அதிகம் வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

நவம்பரில் கடைசிப் பந்தயம் பெல்லவிஸ்தாவில். லவ்தாரோவும் ஃபப்ரீசியோவும் சமமான புள்ளிகள். யார் முன்னால் வருகிறானோ அவனுக்கு சாம்பியன் பட்டம். எனக்கு ஏற்கெனவே ஒன்பது பட்டங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. மரிசெல்லுக்கு இது வேறு விஷயம். கஸ்தால்தி கிளப்பில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டான்:

"பட்டம் அடிச்சா அடுத்த வருஷம் என் கூடாரத்துல அந்தப் பொண்ணு பேரு. தோத்தா அவ அப்பன்கிட்டயே போகட்டும். எனக்கெதுக்கு அடுத்தவன் வீட்டுச் சண்டை?"

எங்கள் வட்டாரத்தில் எந்தப் பந்தயக் கூடாரத்திலும் மெக்கானிக் என்று ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டதில்லை. கஸ்தால்தி கைவிட்டால் வேறு எவனும் அவளைச் சேர்க்க மாட்டான், என் வாய்க்கு எல்லோருக்கும் பயம். ஆக, அவள் தோற்றால் திரும்பி வந்தே தீருவாள். ராத்திரி பகலாக இந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நகம் அளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு துளை. இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலெல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். துளையின் அளவு மேலே எண்ணாகப் பொறித்திருக்கும். சிறிய துளை போட்டால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் வெறியோடு ஓடும், ஆனால் கொதிக்கும். அளவு மீறிக் கொதித்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால் விளிம்பு வரை போய்த் திரும்புகிறவன்தான் ஜெயிப்பான். என்ன எண் போட்டிருக்கிறோம் என்று ஒற்றுப் பார்க்க எல்லாக் கூடாரத்திலும் ஆள் வைத்திருப்பார்கள். எங்களில் எவனும் ஜெட்டில் உண்மையான எண்ணை விட்டுவைப்பதில்லை. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பொறித்துக்கொள்வோம். என் பெட்டியில் நூறு ஜெட்டில் தொண்ணூறு பொய். மிச்சம் பத்தின் ஓரத்தில் மட்டும் அரத்தால் ஒரு சின்னக் கீறல் இருக்கும், அந்த எண் மெய் என்று அர்த்தம். இது எனக்கும் மரிசெல்லுக்கும் மட்டும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை நான்கு நாளாக வடக்குக் காற்று, உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வெக்கை. எல்லோரும் அந்த வெக்கைக்கு ஏற்றபடி நூற்று ஐம்பத்திரண்டை ஒட்டிய ஜெட் போட்டுப் பழகி ஓட்டியிருந்தார்கள். இறுதிப் போட்டிக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது. எங்கள் பக்கம் குளிர் வருவது தெற்கிலிருந்துதான். சோயா வயல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதினைந்து நிமிஷத்தில் ஸ்வெட்டர் தேடும் அளவுக்குக் குளிர். குளிர்ந்த காற்று கனமானது, கூடவே பெட்ரோலும் கூட வேண்டும். எவ்வளவு கூட்டுவது? ஓட்டிப் பார்க்க நேரமில்லை. கூடாரம் கூடாரமாக ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். இப்படிக் காற்று புரண்ட பந்தயம் பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒன்று நடந்தது. அதில் ஜெயித்தவன் நான். அந்த எண் என் தலைக்குள் இருந்தது.

மரிசெல் வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் கூடாரத்துக்குள் கால் வைத்தாள். என் மச்சான் ஊகோ டயரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைக் கீழே போட்டான்.

"அப்பா."

"யாரு? கஸ்தால்தியோட பெரிய மெக்கானிக் அம்மாவா? உக்கார இடம் இல்லயே."

"நிக்கறேன். அப்பா, காத்து திரும்பிடுச்சு. அன்னைக்கு நீங்க என்ன போட்டீங்க?"

"ஏன், உன் புது முதலாளி நோட்டுல எழுதி வெக்கலயா?"

"அவருக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்." அவள் கைகளைப் பாக்கெட்டில் வைத்திருந்தாள். "கேட்டு வந்திருக்கேன்பா. வேணாம்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

"அத்தான், புள்ள கேக்குது இல்ல" என்றான் ஊகோ.

"நீ டயரப் பாரு."

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வேனுக்குள் போனேன். மெய்யான எண் நூற்று ஐம்பத்தெட்டு. பெட்டியில் 158 என்று பொறித்த ஜெட் ஒன்று இருந்தது, ஆனால் அதன் துளை நூற்று நாற்பத்தெட்டுதான். எப்போதோ ஒற்றனுக்காக நான் செய்து வைத்த பொய். அதன் ஓரத்தில் கீறல் இல்லை. முக்கோண அரத்தை எடுத்து ஒரே இழுப்பில் கீறினேன். பித்தளை பளிச்சென்று தெரிந்ததால் கிரீஸ் தடவி மங்கச் செய்தேன். இன்ஜின்தானே, ஒரு பிஸ்டன் போகும், பட்டம் போகும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு நல்ல காரியமாகவே பட்டது.

"இந்தா. நூத்தி அம்பத்தெட்டு."

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரலால் கீறலைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் இறங்கிய காலையில் இப்படித்தான் பார்ப்பாள்.

"நன்றிப்பா" என்றாள். போகும்போது ஊகோவின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

பதினாறு சுற்றுப் பந்தயம். கொடி அசைந்ததும் லவ்தாரோ முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டான். ஃபப்ரீசியோ இரண்டாவது. அவர்கள் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள், ஒன்றன் பின் ஒன்று ஒட்டிக்கொண்டு. ஐந்து சுற்று, ஆறு சுற்று. லவ்தாரோவின் வண்டி மூலை திரும்பியதும் துள்ளிப் பாய்ந்தது. ஒலிபெருக்கிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். ஊகோ என் காதருகே, "அத்தான், நம்ம மரி என்னத்தப் போட்டிருக்கா? பேய் மாதிரில்ல போறான்!" என்றான்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பெட்ரோல் பற்றாத இன்ஜின் சாவதற்கு முன் இப்படித்தான் போகும். ஒன்பதாவது சுற்றில் நேர்ப்பாதையின் முடிவில் அதன் சத்தத்தில் ஓர் உலோகக் கணகணப்பு என் காதில் விழுந்தது. இன்னும் இரண்டு, மூன்று சுற்று தாங்கும். பிடித்துக்கொண்டால் அது நேர்ப்பாதை முடிவில்தான் பிடிக்கும், உச்ச வேகத்தில். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற நான்கும் அவன் மேலேயே ஏறும். போன வருஷம் பக்கத்து வட்டாரத்தில் இப்படிப் பின்னால் ஏறிய வண்டியால் ஒரு பையன் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனான்.

அப்போதுதான் மரிசெல்லைப் பார்த்தேன். அந்த வளைவின் வெளிப்பக்கம், டயர் அடுக்குக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்ஜினைக் கேட்க நல்ல இடம் அதுதான், அவளை அங்கே நிற்கப் பழக்கியவன் நான். சக்கரம் பூட்டிய வண்டி திரும்பாது. நேராக அங்கேதான் போகும்.

அறுபத்தோரு வயதில் கம்பி வேலியைத் தாண்டி டிராக் ஓரத்துக்கு ஓடினேன். அவளிடம் போய், 'வண்டியை நிறுத்தச் சொல், நான் கொடுத்தது பொய்' என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு நான் மனுஷனாக இல்லை. லவ்தாரோவுக்குச் சைகை காட்டினேன்.

எங்கள் டிரைவர்களிடம் ஒரு வித்தை உண்டு. இன்ஜின் கொதிக்கிறது என்று தெரிந்தால், நேர்ப்பாதை முடிவில் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் கார்ப்பரேட்டர் வாயை உள்ளங்கையால் ஒரு நொடி மூடுவார்கள். காற்று தடைபடும், பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும், பிஸ்டன் குளிரும். ஒரு கையை முஷ்டியாக்கி அதன்மேல் மற்ற உள்ளங்கையை வைத்து அறைந்தால் 'மூடு' என்று பொருள். லவ்தாரோ இரண்டு வருஷம் அந்த இடத்தில் என் கையைப் பார்த்து ஓட்டியவன். பார்த்தான். மூடினான்.

பத்தாவது சுற்று. மூடு, மூடு என்று அறைந்தேன். மூடினான். பதினொன்று. மூடினான், வெள்ளைப் புகை கக்கியது. பன்னிரண்டு. பெட்ரோலில் நாங்கள் கலக்கிற விளக்கெண்ணெய் எரிந்த நாற்றம் டிராக் முழுக்கப் பரவியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பட்டினி கிடக்கிற இன்ஜின் இப்படிப் புகை விடாது. இது வயிறு முட்டக் குடித்த இன்ஜின். அதற்குள் இருப்பது என் ஜெட் இல்லை. நான் கேட்ட கணகணப்பு என் செத்த காதிலும் என் குற்றத்திலும் இருந்திருக்கிறதே தவிர, இன்ஜினில் இல்லை.

வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அதற்குள் பொறி விடுகிற பிளக் பெட்ரோலில் நனைந்துவிட்டது. பதின்மூன்றாவது சுற்றில் இன்ஜின் இருமியது, தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் கொழகொழத்தது. ஃபப்ரீசியோ தாண்டினான். அவன் பின்னால் வந்த மூவரும் தாண்டினார்கள். மரிசெல் கண்ணைத் திறந்து லவ்தாரோவைப் பார்த்தாள். அவன் எந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தான் என்று பார்த்தாள். அங்கே, வேலிக்கு டிராக் பக்கமாக, காற்றில் கைகள் தொங்க நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஃபப்ரீசியோ ஜெயித்தான். எனக்குப் பத்தாவது பட்டம்.

கூட்டம் என்னைத் தூக்காத குறை. எல்லோரும் சைகையைப் பார்த்திருந்தார்கள். முதுகில் அறை அறையென்று அறைந்தார்கள். "கிழ நரி! எதிரி டிரைவரையே கையக் காட்டித் தோக்கடிச்சியேய்யா!" "முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல!" சோரிசோ கடைக்காரன் வரிசையில் நிற்காமலே எனக்கு ஒரு ரொட்டியை நீட்டினான். ஊகோ மட்டும் தூர நின்றான். "அத்தான், நீங்க மனுஷனே இல்ல" என்றான். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு கூடாரம் தள்ளி கஸ்தால்தியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"உங்கப்பன் கை அசைச்சா உன் டிரைவர் ஆடறான். இதுல உன் பேர வேற நான் எழுதி மாட்டணுமா? பெட்டிய எடு, கெளம்பு!"

"ரேமோ மாமா, நான் செட் பண்ணினதுல தப்பு..."

"தப்பு இல்லம்மா. நீ நல்லாத்தான் செஞ்ச. அதுக்கென்ன இப்ப? தோத்தாச்சு, கெளம்பு."

கூட்டம் கலைந்த பிறகு அவள் வந்தாள். கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"மரி, சத்தியமா நான் அதுக்காகக் காட்டல. உன்னக் காப்பாத்தத்தான்மா..."

"எதுலேர்ந்து?"

அவள் பாக்கெட்டிலிருந்து அந்த ஜெட்டை எடுத்து என் மேஜையில் வைத்தாள். அதில் கிரீஸ் இல்லை, கீறல் புதுசாய் மின்னியது.

"நூத்தி நாப்பத்தெட்டு" என்றாள். "துளைக்குள்ள டிரில் பிட்டோட பின்பக்கத்த விட்டு அளந்தேன். நீங்க கைல கொடுத்தத அளக்காம நான் போட்டதே கிடையாது. பதினஞ்சு வயசுலேர்ந்து. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"நெசமாவே கேக்கத்தான்பா வந்தேன். கொடுத்ததும் சந்தோஷமா இருந்துச்சு. அளக்காமலே போட்டுடலாம்னுகூட ஒரு நிமிஷம் தோணிச்சு. அப்புறம் அளந்தேன். துளைதான் பொய், என்ன நம்ப வெக்க மெய்யான நம்பரத்தான் வாயால சொல்லியிருப்பீங்கன்னு கண்டுபிடிச்சு, என் பெட்டிலேர்ந்து அம்பத்தெட்டு போட்டேன். ஊசிய நாலாவது காடில மாட்டினேன். வண்டி எப்படிப் போச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"ஜெட்டுல ஏமாத்தினா நான் அளந்துடுவேன்னு தெரிஞ்சு, அதுக்கு மேல ஒண்ணு வெச்சிருந்தீங்க பாருங்க. கைய நான் எத வெச்சுப்பா அளக்கறது?"

அப்படியில்லை, அம்மா, நீ அந்த வளைவில் நின்றாய், நான் பயந்துவிட்டேன், என் வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்காகவோ பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொன்னாலும் அதையும் ஒரு தந்திரமாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கீழே குனிந்து, சேறு படிந்த ஃபப்ரீசியோவின் கார்ப்பரேட்டரை இழுத்து, துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கழற்ற வேண்டிய திருகுகளை வரிசையாகக் கழற்றினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும், முதலாளி?"

"ஏழு மணிக்கு" என்றேன்.